பெருவழியின் சாம்பல் நிறம்: லெவித்தானின் நிலக்காட்சி ஓவியங்கள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

மனிதர் எவரும் இடம்பெறாத, அல்லது பெயரளவுக்கு மட்டும் இடம்பெறும் ஓவியம் ஒன்றினைச் சமூக ஓவியம் என்று கொள்ளலாமா? முற்போக்கு விமரிசகரிடையே இவ்வினா நேரடியாக எழுப்பப்படுவது குறைவு. ஆயினும் அதற்குரிய விடை எப்போதோ முடிவு செய்யப்பட்டுவிட்டது போலவே பலரும் எழுதி வந்துள்ளனர். உழைப்பாளரைக் காட்டும் ஓவியம் மக்களுடையது, மேகத்தையும் ஆற்றையும் காட்டும் ஓவியம் ஓய்வுடைய வர்க்கத்தாருடையது என்பதே அவ்விடை. அதிலும் அந்நிலக்காட்சி சாம்பல், பழுப்பு, மங்கிய பச்சை முதலான அடங்கிய தைல வர்ணங்களில் தீட்டப்பட்டிருப்பின் இரண்டாவது குற்றச்சாட்டொன்றும் அதன்மீது சுமத்தப்படும். சோர்வுவாதம் என்பது அதன் பெயர். இவ்விரு குற்றச்சாட்டுகளையும் ஒருங்கே தாங்கி நிற்கக்கூடிய ஓவியர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வோவியர் ருஷ்ய நாட்டைச் சேர்ந்த ஐசாக் லெவித்தான் (1860-1900).

மேற்கூறிய மனப்பாங்கு ஓவிய விமரிசனத்திற்கு இலக்கிய விமரிசனத்தின் வழியாகவே வந்து சேர்ந்தது எனலாம். 1960களில் ஈழத்துத் தமிழிலக்கிய உலகில் உருவம், உள்ளடக்கம் என்பன பற்றி நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்களில், ஒரு படைப்பின் கதைப்பொருளை எடுத்துரைப்பதே அதன் வர்க்கச் சார்பினை நிறுவுவதற்குப் போதுமானது என்ற எண்ணம் பலரிடம் காணப்பட்டது. நாவலுக்கும் சிறுகதைக்கும் ஓரளவு பயன்பட்ட இம்முறை, எடுத்துரைப்பதற்குக் கதையே இல்லாத ஒரு கலைப்பொருளின் முன்னிலையில் கையறுநிலை எய்திவிடுகிறது. வானம், வயல், பாதை. இவற்றில் எதன் வர்க்கச் சார்பினை எடுத்துரைப்பது?

இத்தகைய கையறுநிலைக்கு மார்க்சியத்தின் மூலநூல்களைப் பொறுப்பாக்குதல் பொருந்தாது. 'ஜேர்மன் கருத்தியல்' என்னும் நூலில் மார்க்சும் ஏங்கெல்சும் ஃபொயர்பாக்கை மறுக்குமிடத்தில் சேரிமரம் ஒன்றினை உதாரணமாகக் கொள்கின்றனர். கண்முன்னே நிற்கும் அம்மரம் இயற்கையின் நேரடிக் கொடை போலத் தோன்றுகிறது. உண்மையில் சில நூற்றாண்டுகளுக்கு முன்னர் வாணிகத்தின் பயனாகவே அது அந்நிலத்துக்குப் பெயர்த்து நடப்பட்டது. ஆதலால் புலன்களால் நேரே அறியப்படும் பொருளும் ஒரு குறித்த சமூகத்தின் செயற்பாட்டு விளைவே என்பது அவர்தம் வாதம். நிலக்காட்சி பற்றிய மார்க்சிய ஆய்வு எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சுட்டு வேண்டியதில்லை. காட்சியில் மனிதர் உளரா இலரா என்று எண்ணிப் பார்ப்பதற்கு முன்னர், காட்சியாக நிற்கும் நிலத்தினுள்ளே மனிதர் என்ன செய்துள்ளனர் என்று கேட்டல் வேண்டும்.

முதலில் வண்ணத்தைப் பற்றிச் சில கூறுதல் அவசியம். அடங்கிய வண்ணம் என்பது வண்ணமின்மை அன்று. கறுப்பையும் வெள்ளையையும் கலந்து பெறப்படும் சாம்பல் நிறம் உயிரற்றது; சுண்ணச் சுவர் போன்றது. தைல ஓவியர்கள் நாடும் சாம்பல் வேறு வகையில் உருவாகிறது. நீலத்தோடு செம்பழுப்பையோ, பச்சையோடு செந்நிறத்தையோ, ஒன்றையொன்று தணிக்கும் அளவில் கலந்து, வெள்ளையால் வெளிறச் செய்யும்போது தோன்றும் சாம்பலில் இரு நிறங்களும் அடங்கிக் கிடக்கும். அருகில் வைக்கப்படும் நிறத்திற்கேற்ப அது ஓரிடத்தில் குளிர்ந்தும் ஓரிடத்தில் வெம்மையாகவும் தோன்றும். இவ்வகை ஓவியத்தில் ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு. ஓவியர் ஒரு சிறிய எல்லைக்குள்ளேயே பல படிகளை அமைத்துக்கொள்கிறார். தூரத்தே செல்லச் செல்லப் பொருள்களின் விளிம்புகள் கரைந்து, நிறவேறுபாடு ஒடுங்கி, காற்றே கண்ணுக்குப் புலப்படும் பொருளாகிறது. உலர நாட்கணக்கில் எடுக்கும் தைலம் இதற்கு வாய்ப்பான ஊடகம். ஈரம் காயுமுன் ஒரு நிறத்தை மற்றொன்றின் மேல் இழைத்து எல்லைகளை மறைத்துவிடலாம்.

இதனை வறுமையின் வண்ணம் என்று கருதுவோர் ஒரு வரலாற்று உண்மையை மறந்துவிடுகின்றனர். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இரசாயனத் தொழில் ஓவியருக்கு அதற்கு முன் என்றுமில்லாத அளவில் ஒளிமிக்க வர்ணங்களை வழங்கிய நூற்றாண்டு. கோபால்ட் நீலம் 1802இல் உருவாக்கப்பட்டது. பெரும் விலை கொடுத்துப் பெறப்பட்டு வந்த அல்ட்ராமரீன் நீலம் 1828 முதல் செயற்கையாக ஆக்கப்படலாயிற்று. குரோமிய, கட்மிய மஞ்சள்கள் தொடர்ந்து வந்தன. 1841இல் ஜோன் றான்ட் என்னும் அமெரிக்க ஓவியர் பதிவு செய்துகொண்ட மெல்லிய தகரக் குழாய், அரைத்த வர்ணத்தைப் பையில் எடுத்துச் சென்று வெளிநிலத்தில் தீட்டுவதைச் சாத்தியமாக்கியது. ஆகவே 1890களில் ஒருவர் தம் பலகையில் இருந்த தூய வர்ணங்களை வேண்டுமென்றே தணித்துத் தீட்டினார் எனின், அது இல்லாமையால் விளைந்ததன்று, தெரிவினால் விளைந்தது. அத்தெரிவு ஏன் என்பதே விமரிசகன் முன்னுள்ள பிரச்சினை.

ருஷ்யாவில் நிலக்காட்சி ஓவியத்தின் வரலாறு நிறுவன எதிர்ப்போடு பிணைந்தது. 1863இல் இவான் கிராம்ஸ்கோய் முதலான பதினான்கு மாணவர் பீற்றர்ஸ்பேர்க் கலைக் கழகத்தின் போட்டிப் பொருளை ஏற்க மறுத்து வெளியேறினர். புராணப் பொருள்களில் மட்டும் உயர்வு கண்ட கழகத்தின் ஆதிக்கத்திற்கு அது முதல் அடி. 1870இல் அமைந்த நடமாடும் கண்காட்சிச் சங்கம் நகரம் நகரமாக ஓவியங்களைக் கொண்டு சென்றது. 1871இல் நிகழ்ந்த அதன் முதற் கண்காட்சியில் அலெக்ஸி சவ்ராசோவின் 'காக்கைகள் வந்துவிட்டன' என்னும் ஓவியம் வைக்கப்பட்டது. உருகும் அழுக்குப் பனி, வளைந்து மெலிந்த பேர்ச் மரங்கள், பின்னால் ஒரு சிற்றூர்த் தேவாலயம். இத்தாலியச் சூரியனை நகலெடுத்துப் பழகிய கண்களுக்கு இது நிலக்காட்சி என்றே தோன்றியிராது. 1861இல் பண்ணையடிமை முறை சட்டத்தால் நீக்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் கடந்திருந்த வேளையில், நாடு என்பது எது, யாருடையது என்ற வினா புத்திசீவிகளின் முன் நின்றது. அழகினை வாழ்வோடு பிணைத்து 1855இல் செர்னிஷெவ்ஸ்கி முன்வைத்த அழகியற் கோட்பாடும் அதன் பின்னணியில் இருந்தது. அவ்வினாவுக்கு ஓவியத்தில் கிடைத்த விடைகளுள் ஒன்றாக இந்த அழுக்குப் பனியைக் கொள்ளுதல் தகும்.

சவ்ராசோவ் மொஸ்கோ ஓவிய, சிற்ப, கட்டடக்கலைப் பள்ளியில் லெவித்தானின் ஆசிரியர். லெவித்தான் லித்துவேனிய எல்லைப்புறச் சிற்றூரொன்றிலே ஏழை யூதக் குடும்பத்திற் பிறந்தவர்; இளவயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1879இல் இரண்டாம் அலெக்சாந்தர் மீதான கொலைமுயற்சியைத் தொடர்ந்து யூதர்கள் மொஸ்கோவிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவரும் நகருக்கு வெளியே சால்திகோவ்கா என்னுமிடத்துக்குச் சென்றார். அவ்வாண்டு அவர் தீட்டிய 'இலையுதிர் நாள்: சொக்கோல்னிக்கி' என்னும் ஓவியத்தைத் துணி ஆலை அதிபரும் கலைச் சேகரிப்பாளருமான பாவெல் திரெத்தியாக்கோவ் வாங்கினார். அதில் பூங்காப் பாதையில் நடந்து வரும் பெண்ணுருவம் லெவித்தான் தீட்டியதன்று. அவருடைய நண்பரும் எழுத்தாளர் செக்கோவின் தமையனுமாகிய நிக்கொலாய் செக்கோவ் தீட்டியது. பின்னர் லெவித்தானின் முக்கிய ஓவியங்களில் மனிதவுருவம் அருகியே வந்தது. உருவம் தீட்ட இயலாமையே இதற்குக் காரணம் எனச் சிலர் எளிதாகக் கூறிவிடுவர். இயலாமை எதனையும் விளக்காது. இல்லாததை எதனால் ஈடுசெய்தார் என்பதே விளக்கம் வேண்டுவது.

இனி 1892இல் தீட்டப்பெற்ற 'விளாதிமிர்க்கா' என்னும் ஓவியத்துக்கு வருவோம். அகலம் 123 சென்ரிமீற்றர், உயரம் 79 சென்ரிமீற்றர். சமவெளி, முகில் மூடிய வானம், ஓவியத்தின் அடிவிளிம்பிலிருந்து அகன்று தொடங்கித் தொடுவானம் வரை செல்லும் மண்பாதை. அதன் இருமருங்கும் கால்களால் மிதிபட்டுத் தேய்ந்த ஒற்றையடித் தடங்கள் பெருவழியோடு ஒட்டிச் செல்கின்றன. வழியோரத்தில் சிறு கூரையிட்ட சிலுவைக்கம்பம் ஒன்று. அதனருகே மூட்டை சுமந்த ஒரு யாத்திரிகப் பெண், ஒரு புள்ளியளவாக. தொலைவில் வெண்ணிறத் தேவாலயம், வெளிச்சம் பட்ட வயலின் ஒரு கீற்று. வேறொன்றுமில்லை.

விளாதிமிர் பெருவழி மொஸ்கோவிலிருந்து கிழக்கே சென்று சைபீரியாவில் முடிவது. விலங்கிடப்பட்ட கைதிகளும் அரசியற் குற்றவாளிகளும் தலைமுறை தலைமுறையாக அதன்மீது நடத்திச் செல்லப்பட்டனர். 1760ஆம் ஆண்டு ஆணையொன்று நிலவுடைமையாளருக்குத் தம் பண்ணையடிமைகளை விசாரணையின்றிச் சைபீரியாவுக்கு அனுப்பும் உரிமையை வழங்கியிருந்தது என்பதனையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். ஆகவே இப்பாதை குற்றத்தின் பாதை மட்டுமன்று; நிலப்பிரபுத்துவ உற்பத்தி உறவுகளைக் கட்டிக்காத்த கருவிகளுள் ஒன்றும் ஆகும். லெவித்தானும் அவருடைய மாணவியும் தோழியுமான சோபியா குவ்ஷின்னிக்கோவாவும் 1892 கோடையில் வேட்டை முடிந்து திரும்புகையில் தற்செயலாக இவ்வழியிலே வந்து ஏறினர் என்றும், அமைதியான அக்காட்சியில் சற்று நேரம் ஈடுபட்டு நின்ற பின்னரே அது எந்தப் பாதை என்று லெவித்தான் உணர்ந்தார் என்றும் குவ்ஷின்னிக்கோவாவின் நினைவுக் குறிப்புகள் வாயிலாக அறிகிறோம்.

இதே பெருவழிக்குரிய பொருளை முப்பத்தோராண்டு முன்னர் வேறோர் ஓவியர் கையாண்டிருந்தார். 1861இல் வலேரி யக்கோபி தீட்டிய 'கைதிகளின் தரிப்பிடம்' அது. வண்டியின் மீது கைதியொருவன் இறந்து கிடக்கிறான். அதிகாரி அவனுடைய கண்ணிமையை உயர்த்திப் பார்க்கிறான். வண்டியின் அடியிலிருந்து இன்னொரு கைதி இறந்தவனின் விரலிலுள்ள மோதிரத்தைக் கழற்ற முயல்கிறான். சுற்றிலும் விலங்குகள், கந்தல்கள், காய்ந்த முகங்கள். முற்போக்கு விமரிசனத்தின் வழமையான அளவுகோலின்படி யக்கோபியின் ஓவியமே சமூக ஓவியம். லெவித்தானுடையது வெறும் காட்சி. யக்கோபியின் நேர்மையை நான் குறைத்துக் கூறவில்லை. அடிமை முறை நீக்கப்பட்ட ஆண்டிலேயே அவ்வோவியம் தோன்றியது என்பது அதன் பெருமை. எனினும் பார்வையாளனை அது எங்கே நிறுத்துகிறது என்று கேட்டல் வேண்டும். அவன் பாதையோரத்தில் நிற்கிறான். நாடக அரங்கில் நிகழ்வதைப் போல நடுவே நிகழும் கொடுமையைக் கண்டு இரங்குகிறான். இரங்கிய பின் போய்விடுகிறான். இரக்கங் கொள்ளும் அந்நிலையே அவனை அக்கைதிகளிடமிருந்து பிரித்துவிடுகிறது.

லெவித்தானின் ஓவியத்தில் பாதையோரம் என்று ஓரிடம் பார்வையாளனுக்குத் தரப்படவில்லை. பாதை ஓவியத்தின் கீழ்விளிம்பை முழுதுமாகப் பற்றிக்கொண்டு தொடங்குவதால், அதன்முன் நிற்பவனின் காலடியிலிருந்தே அது தொடங்குகிறது. அவன் கைதியின் இடத்தில் நிற்கிறான். கைதி பார்த்ததைப் பார்க்கிறான். கைதியை ஓவியத்துள் தீட்டியிருப்பின் இது இயலாது போயிருக்கும். மனிதவுருவம் நீக்கப்பட்டமை மனிதனை விலக்கிவிடவில்லை. பார்வையாளனையே அவ்விடத்துக்கு அழைத்துக்கொண்டது. யக்கோபி முகங்களில் எழுதியதை லெவித்தான் மண்ணில் எழுதினார் எனலாம். அம்மருங்குத் தடங்கள் எவ்வாறு உண்டாயின? அரசு வகுத்தது நடுவிலுள்ள பெருவழியை மட்டுமே. ஓரத்துத் தடங்களைத் தேய்த்தவை ஆயிரமாயிரம் கால்கள். மனித உழைப்பு பொருளில் உறைந்து நிற்கும் என்பது அரசியற் பொருளாதாரத்தின் பாலபாடம். இங்கு மனிதத் துன்பம் நிலத்தில் உறைந்து நிற்கிறது.

வண்ணத்தின் பணி இவ்விடத்திலேதான் வெளிப்படுகிறது. முகில் மூடிய வானத்தின் ஒளி ஒரு திசையிலிருந்து வருவதன்று. எங்கும் பரந்து விழுவது. ஆதலால் நிலத்தில் நிழல் விழுவதில்லை. நிழல் இல்லாத காட்சியில் பொழுது இல்லை. காலையா மாலையா என்று கூற முடியாது. வைகறையின் செம்மையோ அந்தியின் பொன்னிறமோ இருந்திருப்பின் இப்பாதைக்கு ஒரு நாள், ஒரு வேளை கிடைத்திருக்கும், நிகழ்ச்சி தோன்றியிருக்கும். சாம்பல் அந்நிகழ்ச்சியை அழித்து நீட்சியை வைக்கிறது. இது ஒருநாட் கொடுமையன்று, ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் இயங்கிய நிருவாகம் என்ற செய்தி, நிழலற்ற அவ்வொளியின் வழியாகவே எமக்குக் கிட்டுகிறது. தொலைவிலுள்ள வெள்ளைத் தேவாலயம் தூய வெள்ளையால் ஆனதன்று; சுற்றியுள்ளவை அடங்கியிருப்பதனாலேயே அது ஒளிர்கிறது. அவ்வொளி ஆறுதலா, ஏளனமா என்று ஓவியம் கூறுவதில்லை. என்னளவில், அது எட்டாத தொலைவில் வைக்கப்பட்டிருப்பதே முக்கியம்.

ஒரு செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை. மொஸ்கோவிலிருந்து நிஷ்னி நொவ்கொரோதுக்குப் புகையிரதப் பாதை 1862இல் திறக்கப்பட்டுவிட்டது. லெவித்தான் இப்பெருவழியில் நின்ற காலத்தில் கைதிகள் புகையிரதத்திலும் ஆற்றுப் படகுகளிலும் கொண்டுசெல்லப்பட்டு வந்தனர். விலங்கின் ஓசை அப்பாதையில் கேட்காது போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எனவே அவர் தீட்டியது நடப்புக் காட்சியன்று. பயனிழந்த ஒரு பாதை. முதலாளித்துவம் கொண்டுவந்த இருப்புப்பாதை அடக்குமுறையை ஒழிக்கவில்லை, அதனை விரைவுபடுத்திக் கண்ணிலிருந்து மறைத்தது. கைதி மூடிய வண்டிக்குள் சென்றுவிட்டான். வழியோரத்துக் கிராமத்தவர் அவனுக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுக்கவும் இயலாதாயிற்று. ஆளற்ற பாதையைத் தீட்டியவர் இவ்வகையில் 1892ஆம் ஆண்டின் உண்மையையே தீட்டினார். அவ்வாண்டில் கைதிகளின் வரிசை ஒன்றினை அதன்மீது தீட்டியிருப்பின் அதுவே பொய்யாகியிருக்கும். யதார்த்தவாதம் என்பது எதனைச் சேர்ப்பது என்பதில் மட்டும் தங்கியதாகக் கொள்வோர் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் நலம்.

இவ்விடத்தில் நியாயமான மறுப்பொன்று எழும். ஓவியத்தின் பெயரை மறைத்துவிட்டால் இவற்றுள் எதனையேனும் பார்வையாளன் அறிவானா? அறியமாட்டான் என்றே கூற வேண்டும். ருஷ்ய மக்களின் பேச்சிலும் பாடலிலும் அப்பெயர் நாடுகடத்தலுக்கு மறுபெயராக வழங்கியது. அதனை அறியாதவனுக்கு இது மழைக்கு முன்னான சமவெளி. உருவவாதிகள் இதனை ஓவியத்தின் குறைபாடாகக் கருதுவர். கோடும் நிறமும் தம்மளவிலே பேச வேண்டும் என்பர். ஆனால் எந்தக் கலைப்பொருளும் தன்னளவில் பேசுவதில்லை. அதனை ஆக்கியோனும் காண்போனும் பகிர்ந்துகொள்ளும் சமூக அறிவின் வழியாகவே அது பேசுகிறது. சங்கப் பாடலொன்றில் பாலை நிலம் வருணிக்கப்படுமாயின், பிரிவு என்னும் உரிப்பொருளை வெளிப்படக் கூறாமலே அக்காலக் கேட்போர் உணர்ந்தனர். திணை மரபினை அறியாதவனுக்கு அது வறண்ட நிலத்தின் வருணனை மாத்திரமே. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளைத் தாங்கி நிற்பதற்குச் சமூகமொன்று வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கூறுவது என் கருத்தன்று. திணை பல தலைமுறைப் புலவரின் பொது மரபு, விளாதிமிர்க்கா ஒரு பாதையின் இயற்பெயர். எனினும் நிலத்தைப் பொருளுடையதாக்குவது கண் மாத்திரமன்று என்ற வகையில் இவ்வொப்புமை தமிழ் வாசகருக்குப் பயன் தருவது.

அதே 1892ஆம் ஆண்டின் வேறு இரு நிகழ்ச்சிகளையும் இங்கு இணைத்து நோக்கல் வேண்டும். திரெத்தியாக்கோவ் தம் ஓவியச் சேகரிப்பு முழுவதையும் மொஸ்கோ நகருக்குக் கொடையாக அளித்த ஆண்டு அது. லெவித்தானின் ஓவியங்களும் அதனுள் அடங்கும். இலையுதிர் காலத்தில், மொஸ்கோவிலிருந்து யூதர்களை அகற்றும் ஆணையின்படி லெவித்தான் நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. செல்வாக்குடைய நண்பர்களின் முயற்சியால் சில மாதங்களின் பின்னரே திரும்பி வர முடிந்தது. அவருடைய ஓவியங்கள் நகரத்தின் சொத்து. அவருக்கோ அந்நகரத்தில் இருக்க உரிமையில்லை. கலைப்பொருள் அதனை ஆக்கியவனிடமிருந்து அந்நியமாதல் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேடிக் காண்பது அரிது.

ஆனால் வாழ்க்கை வரலாற்றினைக் கொண்டு ஓவியத்தை விளக்கிவிடும் எளிய வழியை நாம் தவிர்த்தல் வேண்டும். அவர் வெளியேற்றப்பட்டது இலையுதிர் காலத்தில். பெருவழியைக் கண்டது அதற்கு முந்திய கோடையில். தம் துயரையே பாதையில் ஏற்றிக் கூறினார் என்பது கால வரிசைக்கே பொருந்தாது. மேலும், அவ்வாறு கூறுமிடத்து ஓவியம் தனிமனிதப் புலம்பலாகச் சுருங்கிவிடும். கூறத்தக்கது இவ்வளவே: 1879 முதலாக இருப்பிட உரிமை என்பது அனுமதிச்சீட்டில் தங்கியிருந்த ஒருவருக்கு, நாடு என்பது காணி உரிமையாளன் தன் மாளிகை வாயிலில் நின்று காணும் காட்சியாக இருந்திருக்க முடியாது. அவர் நிலத்தை வழியில் நின்றே கண்டார். அவருடைய ஓவியங்களில் மீண்டும் மீண்டும் பாதைகளும் பாலங்களும் ஓடங்களும் வருவதை அவருடைய சமூக நிலையோடு இணைத்து நோக்குவதில் தவறில்லை. வழிகளைப் பற்றி ஈழத்து வாசகருக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிற்காலச் சோவியத் விமரிசனம் லெவித்தானைத் தாய்நாட்டுப் பற்றின் ஓவியராகப் போற்றியது. அதில் உண்மை உண்டு. ஆனால் அப்போற்றுதலில், அத்தாய்நாடு அவரை இருமுறை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது என்ற செய்தி அடிக்குறிப்பாக ஒடுங்கிவிடும்போது, பற்று என்பதன் முரண்பாடு மறைக்கப்பட்டுவிடுகிறது. முரண்பாட்டை நீக்கிய பின் எஞ்சுவது நாட்காட்டிப் படம். உண்மையிலேயே நாட்காட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் அவர் மிகுதியாக அச்சிடப்பட்டார். எம்மிற் பலர் அவரை அறிந்ததும் அவ்வகை அச்சுப் பிரதிகள் மூலமாகவே. அச்சகத்தின் நான்கு மைகளும் அடங்கிய வண்ணத்தை அடங்கியவாறே தருவதில்லை; சாம்பலினுள் ஒடுங்கிய நீலம் வெளியே வந்துவிடும், அல்லது முழுவதும் சேறாகிவிடும். ஆகவே அவரைச் சோர்வுவாதி என்றோ இன்பவாதி என்றோ தீர்ப்பளித்தவர்களுட் சிலர் அச்சகத்தாரின் வேலைக்கே தீர்ப்பளித்தனர் என்று ஐயுற இடமுண்டு.

செக்கோவுக்கும் லெவித்தானுக்கும் இருந்த நட்பு பலரும் அறிந்தது. 1890இல் செக்கோவ் சஹாலின் தீவின் தண்டனைக் குடியிருப்புகளைக் காணப் புறப்பட்டபோது வழியனுப்பச் சென்றவர்களுள் லெவித்தானும் ஒருவர். கைதிகளின் வழி முடியுமிடத்தைச் செக்கோவ் நூலாக எழுதினார்; அவ்வழியின் தொடக்கத்தை இரண்டாண்டுகள் கழித்து லெவித்தான் தீட்டினார். இடையில் 1892இல் வெளிவந்த சிறுகதையொன்றினால் அவர்களுடைய நட்பு முறிந்து 1895 அளவிலேயே சீர்ப்பட்டது என்பது வேறு கதை. எமக்குப் பயன்படுவது செக்கோவின் 'மூன்று ஆண்டுகள்' என்னும் குறுநாவலில் வரும் ஒரு காட்சி. கண்காட்சிக்குச் செல்லும் வணிகனின் மனைவி, ஓவியத்தைப் பற்றி எதுவுமறியாதவள், பாதையும் பாலமும் மாலை வானமும் கொண்ட சிறிய நிலக்காட்சி ஒன்றின் முன் நின்று, தான் அப்பாதையில் நடந்து செல்வதாக உணர்கிறாள். மற்றவர்கள் அதில் விசேடமாக எதனையும் காணவில்லை. அவளை உள்ளே செல்லவைப்பது அப்பாதையில் வேறெவரும் இல்லாமையே என்று நான் கருதுகிறேன்.

'விளாதிமிர்க்கா' நடமாடும் சங்கத்தின் 1893ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதனை வாங்குவோர் இல்லாது போக, 1894இல் லெவித்தான் திரெத்தியாக்கோவுக்கு அன்பளிப்பாகவே வழங்கினார். இது ஆழ்ந்து நோக்கற்பாலது. வொல்காக் கரையிலுள்ள பிளியோஸ் என்னும் சிற்றூரில் 1888 முதல் மூன்று கோடைகள் தங்கி அவர் தீட்டிய மாலைக் காட்சிகளுக்கும் மழைக்குப் பிந்திய ஆற்றுக் காட்சிகளுக்கும் வரவேற்பு இருந்தது. மொஸ்கோவின் ஆலை அதிபரும் வணிகரும் வார இறுதியில் நாடிய அமைதியை அவை அளித்தன. வொல்காவில் நிற்கும் பாரப் படகுகளும் நீராவிக் கப்பலும் அவர்களுடைய சரக்கைச் சுமப்பவையே. மாலைப் பனிப்புகாரில் அவையும் அழகாயின. ஆகவே அடங்கிய வண்ணம் இயல்பாகவே மக்கள் சார்பானது என்று நான் வாதிடவில்லை. அதே சாம்பல், அதே ஈரக் காற்று, ஓரிடத்தில் உடைமையாளனின் ஓய்வுக்குத் திரையாகிறது, இன்னோரிடத்தில் அவனுடைய ஓய்வின் அடித்தளத்தைக் காட்டிவிடுகிறது. சந்தை இவ்விரண்டையும் விமரிசகர்களைவிட விரைவாகவே பிரித்தறிந்தது.

'நிலைபேறான அமைதிக்கு மேலே' என்ற 1894ஆம் ஆண்டுப் பேரோவியத்தைப் பலர் லெவித்தானின் உச்சம் என்பர். இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட அகலமுடைய அத்திரையில் ஏரியும் வானமும் ஏறக்குறைய முழுவதையும் நிறைக்க, ஒரு மூலையில் மேட்டின்மீது மரத்தாலான சிறு தேவாலயமும் சாய்ந்த கல்லறைச் சிலுவைகளும் நிற்கின்றன. இம்மதிப்பீட்டை என்னால் ஏற்க முடியவில்லை. கைவண்ணத்தில் குறைவில்லை, முகில்களின் ஈயச் சாம்பல் அவர் அடைந்த எதனையும் விட நுணுக்கமானது. ஆனால் 'விளாதிமிர்க்கா'வில் அரசு இருந்தது. இங்கு விதி இருக்கிறது. வரலாற்றுக்கு உட்பட்ட ஒரு பாதையின் இடத்தில், மாற்ற முடியாத நித்தியம் வந்து அமர்ந்துவிடுகிறது. மக்களியக்கத்தின் தோல்விக்குப் பின்னர், 1905ஐ இன்னும் காணாத ருஷ்யப் புத்திசீவிகளின் இடைக்காலச் சூனியம் அத்திரையில் படிந்துள்ளது. தேவாலயம் பிளியோஸில் தீட்டிய பழைய மாதிரியிலிருந்து எடுக்கப்பட்டது, ஏரி வேறு மாகாணத்தைச் சேர்ந்தது என்பதும் தற்செயலன்று. இடமற்ற ஓரிடம் தேவைப்பட்டது. அத்தேவாலயத்தின் சாளரத்தில் எரியும் சிறு விளக்கு ஒன்றே, உள்ளே ஒருவர் உளர் என்பதை உணர்த்தி, ஓவியத்தை முற்றிலும் தத்துவமாகிவிடாது காப்பாற்றுகிறது.

இதனை நான் குறைகூறுவது அதன் வண்ணம் மங்கலானது என்பதனாலன்று என்பதை அழுத்திக் கூற விரும்புகிறேன். 1895இல் லெவித்தான் 'மார்ச்', 'பொன் இலையுதிர் காலம்' முதலிய ஒளிமிக்க ஓவியங்களைத் தீட்டினார். நீல நிழல் விழுந்த பனியும் மஞ்சள் சுவரும் கொண்ட 'மார்ச்' கண்ணுக்கு இன்பமானது. இதனைக் கொண்டு அவர் சோர்விலிருந்து நம்பிக்கைக்கு முன்னேறினார் என்று வளர்ச்சிப்படி வரைவது ஒரு வகை விமரிசனத்தின் வழக்கம். வர்ணத்தின் ஒளியை வர்க்க நம்பிக்கையின் அளவாகக் கொள்ளும் இம்முறை வெப்பமானியைக் கொண்டு வரலாற்றை அளப்பதற்கு ஒப்பானது. அவ்வோவியத்தில் வாயிலில் ஆளின்றி நிற்கும் குதிரைவண்டி ஒரு பண்ணை மாளிகையினுடையது. அங்கு வந்து தங்கிய விருந்தினரின் பார்வை அது. மகிழ்ச்சி மெய்யானதே. யாருடைய மகிழ்ச்சி என்ற வினாவைக் கேட்க மறந்துவிட்டு அதனை முன்னேற்றம் என்று அழைப்பதில் என்ன மார்க்சியம் இருக்கிறது? லெனின் 1908இல் ரொல்ஸ்ரோயைப் பற்றி எழுதியபோது அவருடைய சோர்வையும் துறவையும் நீக்கிவிட்டு எஞ்சியதைப் பாராட்டவில்லை. முரண்பாடுகளையே கண்ணாடியாகக் கொண்டார். ஓவியத்தில் இவ்வணுகுமுறையைக் கையாள்வது கடினம், ஏனெனில் ஓவியர் கருத்துரைப்பதில்லை. ஆயினும் நிறத்தின் படிகளையும் பார்வையாளனின் நிற்குமிடத்தையும் நிலத்தின் உடைமையையும் ஒருங்கே வைத்து நோக்குவோமாயின் வழி அடைபடவில்லை.

லெவித்தான் 1898இல் கல்விக்கழகப் பட்டம் பெற்று, தாம் பயின்ற பள்ளியிலேயே நிலக்காட்சி வகுப்பின் ஆசிரியரானார். இருதய நோயால் 1900இல், நாற்பது வயது நிறையுமுன் மறைந்தார். இறப்பதற்கு முந்திய ஆண்டில் கடதாசி அட்டையின் மீது தைல வர்ணத்தால் அவர் தீட்டிய 'அந்தி: வைக்கோற் போர்கள்' என்னும் சிறிய ஓவியம் பெரிதும் பேசப்படாதது. ஆற்று மூடுபனி படர்ந்த புல்வெளி. அறுத்துக் குவிக்கப்பட்ட போர்கள் சில, விளிம்பு கரைந்து, ஏறக்குறைய வெறும் நிறத் திட்டுகளாக நிற்கின்றன. அறுத்தவர்களும் குவித்தவர்களும் வீடு திரும்பிவிட்டனர். ஒரு நாள் வேலை முழுவதும் அங்கே குவிந்து கிடக்க, அதனையும் புல்லையும் வானத்தையும் பிரித்துக் காட்டுவதற்குச் சாம்பலின் மூன்று நான்கு படிகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.